காணிக்கையாய் வந்த அரிவாள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை. தஞ்சாவூரில் நான் போவது கொஞ்சம் வசதியான ஆலயம். ஏசி உண்டு, காணிக்கைக்கு க்யூஆர் கோடு உண்டு, பாட்டு வரிகள் திரையில் வரும். பீடத்தைச் சுற்றி வாலிபப் பிள்ளைகள் காலிஃப்ளவர், ஆப்பிள், அன்னாசி என்று அடுக்கி வைத்திருந்தார்கள். காவிரிப் பாசனத்தில் ஆப்பிள் எங்கே விளைகிறது என்று கேட்டால் நமக்கு வயதாகிவிட்டது என்பார்கள். நடுவில் ஒரு கதிர்க்கட்டு. அதன்மேல், தெர்மாகோலில் வெட்டி வெள்ளிக் காகிதம் ஒட்டிய ஓர் அரிவாள். அலங்காரம் செய்த பெண் என் அருகில் வந்து, "எப்படி இருக்கு ஆன்ட்டி?" என்றாள். "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

காலையில் சாப்பிட்ட பொங்கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். உங்களிடம் அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. கதிரின் பச்சை வாசனையும் அரிவாளும் ஒன்றாகக் கண்முன் வந்தால் எனக்கு இன்னொரு வாசனையும் கூடவே வந்துவிடும். காய்ந்த ரத்தத்தின் வாசனை. நான் பீடத்தில் நிஜ அரிவாளைப் பார்த்தவள்.

அப்போது எனக்குப் புதிதாக வேலை கிடைத்திருந்தது. மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தால் ஒரு சின்ன ஊர். அங்கே திருச்சபை நடத்திய ஆரம்பப் பள்ளியில் டீச்சர். பள்ளிக்கூடம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஓட்டுக்கூரை போட்ட ஒரே கட்டடம்தான். வாரநாளில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கோயில். எங்கள் பக்கத்தில் நாங்களும் கோயில் என்றுதான் சொல்வோம். சனிக்கிழமை சாயங்காலம் கரும்பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டால் அது கர்த்தருடைய வீடாகிவிடும். நான் மறந்துபோன வாரங்களில், பிரசங்கம் முழுக்க உபதேசியாரின் தலைக்குப் பின்னால் ஏழாம் வாய்ப்பாடு தெரியும்.

உபதேசியார் என்பவர் ஊரோடு தங்கி கோயிலைப் பார்த்துக்கொள்பவர். ஐயர், அதாவது குருவானவர், எப்போதாவது மோட்டார் சைக்கிளில் வருவார். அவருக்குப் பல ஊர். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். நல்ல மனிதர், பயந்த மனிதர். நான் அவர் வீட்டில்தான் தங்கிச் சாப்பிட்டேன். அவர் மனைவியை ஊரே உபதேசியாரம்மா என்று கூப்பிடும். நாற்பது வயதுகூட இருக்காது. கட்டையான உடம்பு, பெரிய கை. கோயிலில் வாயே திறக்க மாட்டார். வீட்டில் அதற்கும் சேர்த்துப் பேசுவார்.

அவர் அடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். உலை கொதித்ததும், அளந்து வைத்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தக் கலயத்தில் போட்டு, "இது ஒனக்கு ஏசப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் மீதியை உலையில் போடுவார். ஊரில் எல்லாக் கிறிஸ்தவ வீட்டிலும் இதே வழக்கம். பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர். சனிக்கிழமை பெண்கள் சங்கம் கூடும்போது கலயத்தைக் கொண்டுவந்து கோயில் குதிரில் கொட்டுவார்கள். கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா? அந்தப் பிடி அரிசி யாருடைய பங்கிலிருந்து போனது என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். புருஷனுக்குக் குறைக்க முடியாது. பிள்ளைக்குக் குறைக்க மனது வராது. கடைசியில் சட்டியைச் சுரண்டுகிறவளின் பங்கிலிருந்துதான் கர்த்தருக்குப் போயிற்று. இதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. கையிலிருந்த எல்லாவற்றையும் காணிக்கைப் பெட்டியில் போட்ட ஏழை விதவையைப் பற்றி மட்டும் விடாமல் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவள் என்ன சாப்பிட்டாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த வயதிலேயே எனக்கு இதில் கோபம். இப்போதும் குறையவில்லை.

ஞானப்பூவை நான் முதலில் கவனித்தது ஒரு சனிக்கிழமை. மற்றவர்கள் கலயத்தோடு வர, அவள் முந்தானையில் அரிசி முடிந்துகொண்டு வந்தாள். நெற்றியில் மஞ்சள் பற்று. ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது. முடிச்சை அவிழ்த்துக் கொட்டியபோது அரிசி அங்கங்கே சிவந்து கட்டிதட்டியிருந்தது, நடுநடுவே மண்சட்டிச் சில்லு. முந்தின நாள் அவள் புருஷன் அந்தக் கலயத்தை எடுத்து அவள் தலையிலேயே போட்டு உடைத்திருந்தான். எனக்குச் சோறு பற்றவில்லை, சாமிக்கு மட்டும் எப்படிச் சேர்த்தாய் என்று கேள்வி. சிந்தியதை எல்லாம் தரையிலிருந்து கூட்டி அள்ளி, அப்படியே கொண்டுவந்துவிட்டாள்.

"கழுவிட்டுக் கொண்டாந்திருக்கலாமேடி" என்றாள் ஒருத்தி.

"கழுவுனா ஈரமாயிடும்க்கா. குதிர்ல மத்த அரிசியும் கெட்டுப்பூடும்" என்றாள் ஞானப்பூ.

மறுநாள் உபதேசியார் அதை வைத்தே பிரசங்கம் செய்தார். ரத்தம் சிந்திக் கொடுத்த காணிக்கை என்றார். பெண் என்றால் பொறுமை, பொறுமை என்றால் சிலுவை என்று நெடுநேரம் பேசினார். பெண்கள் பக்கம் பலர் அழுதார்கள். ஞானப்பூ அழவில்லை. திறந்திருந்த ஒரு கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எழுந்துபோய்க் கரும்பலகையை அவர் மேல் தள்ளிவிடலாம் போல இருந்தது. புதுவேலை, தள்ளவில்லை. வீட்டுக்கு வந்து இலையில் சோற்றை வைத்ததும் உபதேசியாரம்மா கேட்டார்: "அவன் மண்டைய ஒடைப்பான், நீங்க அதுக்குப் பாட்டுப் படிப்பீங்களா?" உபதேசியார் அன்று மோர் ஊற்றிக்கொள்ளாமலே எழுந்துவிட்டார்.

அவள் புருஷன் பெயர் ஆசீர்வாதம். பெற்றவர்கள் நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பார்கள். காவிரிக்கரை மூங்கில் வெட்டுவது, தோப்புகளுக்கு வேலி கட்டுவது, கருவையைக் கழித்து விறகாக்குவது அவன் தொழில். குடித்தால் அடிப்பான், குடிக்காத நாளிலும் அடிப்பான். அதனால் பழியைச் சாராயத்தின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கவும் வழியில்லை. முழங்கை நீளத்துக்கு ஒரு வெட்டரிவாள் வைத்திருந்தான். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டுவான். அவர்கள் மகள் என் வகுப்பில்தான் படித்தாள். வெளியே எங்காவது கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டால் அந்தப் பிள்ளை பாடத்தின் நடுவில் பெஞ்சுக்கு அடியில் போய்விடும். நான் அவளை வெளியே வரச் சொல்வதில்லை. அங்கேயே இருந்து பதில் சொல்ல விட்டுவிடுவேன்.

அறுப்பின் பண்டிகை அங்கே தை அறுவடை முடிந்த கையோடு வரும். கதிர்க்கட்டு, பூசணி, கரும்பு, வாழைத்தார், கோழி என்று அவரவர் கொண்டுவந்து பீடத்தில் வைப்பார்கள். ஜெபம் முடிந்ததும் எல்லாம் ஏலம். காசில் அல்ல, நெல்லில். அறுப்புக் கூலியாக எல்லார் வீட்டிலும் நெல் கிடக்கிற நாள் அது, மரக்கால் கணக்கில் கேட்பார்கள். இதில் ஒரே ஒரு சட்டம். ஜெபம் பண்ணிவிட்டால் பொருள் கர்த்தருடையது. கொடுத்தவரே திரும்ப வேண்டுமென்றாலும் ஏலத்தில்தான் எடுக்க வேண்டும். ஒரு வருஷம் ஒரு புதுமாப்பிள்ளை, பூசணிக்காயை மாமியார் வீட்டுப் பித்தளை அண்டாவில் வைத்துத் தூக்கி வந்து, அண்டாவோடு பீடத்தில் வைத்துவிட்டார். ஐயர் கண்ணை மூடி ஆமென் சொன்னதும் அண்டாவும் போயிற்று. பாவம், ஏலத்தில் கேட்டார். சும்மா இருக்காமல் மச்சினன் ஏற்றிவிட்டுக்கொண்டே போனான். அந்த ஊரில் அவருக்குக் கடைசிவரைக்கும் அண்டாக்காரர் என்றுதான் பெயர்.

நான் சொல்ல வந்த வருஷம் ஞானப்பூ ஒரு சேவலைப் பண்டிகைக்கு நேர்ந்துவிட்டிருந்தாள். முந்தின நாள் மத்தியானம் நாங்கள் கோயிலைக் கழுவிக்கொண்டிருந்தோம். அவள் மகள் ஓடி வந்தாள். வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. உபதேசியாரம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினார், பின்னால் நான்.

ஆசீர்வாதம் சேவலை அறுக்கக் கேட்டிருக்கிறான். அது கோயிலுக்கு என்று அவள் மறித்திருக்கிறாள். தலைக்குத்தான் ஓங்கினான், அவள் இடது கையைத் தூக்கியதால் கையோடு போயிற்று. நாங்கள் போனபோது முழங்கைக்குக் கீழே சதை திறந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. சுவரெல்லாம் தெறித்திருந்தது. சேவல் கூரைமேல் நின்று கூவிக்கொண்டிருந்தது. அவன் அரிவாளைத் தரையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். உபதேசியாரம்மா தன் புடவையைக் கிழித்துக் கட்டினார். ஞானப்பூவின் பல் கிட்டியிருந்தது. இருந்தும் என்னைப் பார்த்து, "அந்த அரிவாள எடுத்துக்கங்க டீச்சர். கழுவாதீங்க" என்றாள்.

போலீசுக்குக் காட்டத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். சாக்கில் சுற்றி எடுத்துவந்து என் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். வேலி கழிக்கும்போது பட்டுவிட்டது என்றாள். திரும்பி வரும்போது, "ஸ்டேஷனுக்குப் போயிடலாம் ஞானப்பூ" என்றேன்.

"போனா ஒரு ராத்திரி வெச்சிருப்பாங்க. மறுநா அவரு வூட்டுக்குத்தான வருவாரு? அப்ப நீங்களா டீச்சர் எங்கூட இருக்கப் போறீங்க?"

அன்று அவளையும் பிள்ளையையும் உபதேசியாரம்மா தன் வீட்டிலேயே படுக்க வைத்தார். காலையில் எழுந்து பார்த்தேன், ஞானப்பூ இல்லை. டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் சாக்கு மட்டும் கிடந்தது. அவன்தான் வந்து அவளையும் அரிவாளையும் கொண்டுபோய்விட்டான் என்றே நினைத்தேன்.

கோயிலுக்கு ஓடினால், அவள் பெண்கள் வரிசையில் நிற்கிறாள். கட்டுப்போட்ட கை கழுத்தில் தொங்குகிறது. தலையில் பெரிய கதிர்க்கட்டு. அந்தக் கையோடு எப்படித் தூக்கினாள் என்று தெரியாது. முறை வந்ததும் நடந்துபோய்ப் பீடத்தில் இறக்கி வைத்தாள். ஐயர் வந்திருந்தார். அன்றைக்கும் அந்த ஏழை விதவைதான் பிரசங்கம். பிறகு இரண்டு கையையும் விரித்து எல்லாப் பொருள்மேலும் நீளமாக ஜெபித்தார். ஆமென்.

ஏலம் விட உபதேசியார் எழுந்தார். பிரசங்கத்தில் எலி போலப் பேசுகிற மனிதருக்கு ஏலத்தில் மட்டும் எங்கிருந்தோ குரல் வந்துவிடும். வாழைத்தார் போயிற்று, கோழி போயிற்று. கதிர்க்கட்டைத் தூக்கி, "ஞானப்பூ கட்டு!" என்றார். கட்டுக்குள்ளிருந்து அரிவாள் நழுவி சிமெண்ட் தரையில் விழுந்தது. கோயில் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. ரத்தம் கருத்துப்போய் அலகில் ஒட்டியிருந்தது, அதில் இரண்டு நெல்மணியும்.

"இது என்னம்மா?" என்றார் ஐயர்.

"காணிக்கைங்க ஐயா."

"அரிவாளை யாரும் காணிக்கையா வைக்கிறதில்லையேம்மா."

"எங்க வூட்டுல சோறு போடுறது இதுதாங்க. இதவுட பெருசா குடுக்க எங்கிட்ட வேற என்ன இருக்கு?"

ஐயருக்கு முகம் வெளுத்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லும் எண்ணத்தில் உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் தரையைப் பார்த்துக்கொண்டே, மெல்லிய குரலில், "ஜெபம் பண்ணியாச்சுங்களே ஐயா" என்றார். அவர் வாழ்நாளில் அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவருடைய பிரசங்கங்கள் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன்.

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆசீர்வாதம் செருப்போடு உள்ளே வந்தான். "எந்த நாய்டா என் அரிவாள எடுத்தது?"

உபதேசியார் பீடத்துக்கு முன்னால் நின்றார். வேட்டி நுனி நடுங்குவது எனக்குத் தெரிந்தது. "ஏலத்துல கேளுப்பா" என்றார்.

"என் சாமானுக்கு நானே ஏலமா?"

ஆண்கள் பக்கத்திலிருந்து அண்டாக்காரர், "நான் கேக்கல?" என்றார். ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. ஆசீர்வாதம் சுற்றிப் பார்த்தான். தான் கேட்டால் எதிர்த்துக் கேட்க ஓர் ஆண்பிள்ளை கிடையாது என்று அவனுக்குத் தெரியும். "ஒரு மரக்கால்" என்றான் அலட்சியமாக. ஆண்கள் எல்லாரும் அவரவர் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒரு மரக்கால் ஒரு தரம்" என்றார் உபதேசியார். வேண்டுமென்றே இழுத்தார். அவன் அரிவாளோடு வீட்டுக்குப் போனால் ஞானப்பூவும் பின்னாலேயே போக வேண்டும். அடுத்த தடவை கை குறுக்கே வராது. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். "ரெண்டு தரம்..."

"ரெண்டு மரக்கால்."

எல்லாரும் திரும்பினார்கள். உபதேசியாரம்மா. கோயிலில் அவர் குரலை நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவன் ஏற்றினான். அவரும் ஏற்றினார். அவன் இன்னும் ஏற்றியதும் உபதேசியாரம்மாவுக்கு நெல் தீர்ந்துபோயிற்று. அப்போது பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "எங் கூலியையும் சேத்துக்கங்க" என்றாள். பக்கத்தில் இருந்தவள், "என்னுதும்." அவளுக்குப் பின்னால், "எங்க வூட்டுலதும்." வெயிலில் குனிந்து குனிந்து அறுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் வருஷச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த நெல். கடைசியில் ஒருத்தி எழுந்து, "குதிர்ல கெடக்கறதும் நாங்க வாயக் கட்டுன அரிசிதான், அதையும் எழுதிக்குங்க" என்றாள். அது ஏற்கெனவே கர்த்தருடையது என்று ஐயர் சொல்லவில்லை. நல்ல வேளை.

ஆசீர்வாதம் அதற்குமேல் ஏலம் கேட்கவில்லை. ஞானப்பூவின் கொண்டையைப் பிடித்து இழுத்து அவள் தலையைப் பீடத்தின் விளிம்பில் மோதினான். இரண்டாவது தடவை மோதியபோது தையல் பிரிந்து கட்டு சிவந்தது. அப்புறம் நடந்ததைப் பெண்கள் யாரும் பேசிவைத்துக்கொண்டு செய்யவில்லை. முறத்தால் ஒருத்தி அடித்தாள். ஒருத்தி பூசணிக்காயைத் தூக்கி அவன் முதுகில் போட்டாள், அது உடைந்து விதையெல்லாம் ஐயரின் வெள்ளை அங்கியில். உபதேசியாரம்மா வெறும் கையால் அவன் கன்னத்தில் விட்ட அறை கரும்பலகையில் எதிரொலித்தது. நான் காணிக்கைக் கரும்பு ஒன்றை உருவி, அது இரண்டாக ஒடியும்வரை அவன் காலில் அடித்தேன். வாழ்க்கையில் நான் ஒரு மனிதனை அடித்தது அன்றுதான். கை எரிந்தது. மனதுக்கு நன்றாக இருந்தது. இதற்காக நான் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டு ஜெபித்ததில்லை, இனியும் கேட்பதாக இல்லை. அந்தக் களேபரத்தின் நடுவில் உபதேசியார் மேசையில் ஏறி நின்று, "மூணு தரம்! பெண்கள் சங்கத்துக்கு!" என்று கத்தினார்.

சாயங்காலம் ஆசீர்வாதம் வாசல் பூவரச மரத்தடியில் உதடு வீங்க உட்கார்ந்திருந்தான். உபதேசியாரம்மா கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தார். அடித்த கையாலேயே கொடுத்தார்.

"அரிவா இல்லாம நான் எப்படிம்மா பொழைக்கிறது?"

"யார் பொழைக்க வேணாம்னா? காலையில வா, வாங்கிட்டுப் போ. சாயங்காலம் கொண்டாந்து எங்கையில குடுத்துட்டு அப்பறம் வூட்டுக்குப் போ."

"நான் என்ன கைதியா?"

"இல்லப்பா. வெட்டுறவன்."

கோயில் பின்சுவரில் ஓர் ஆணி அடித்தார்கள். காலையில் அவன் வந்து நிற்பான், உபதேசியாரம்மா எடுத்துக் கொடுப்பார். அந்திசாயும் நேரத்தில் கொண்டுவந்து தருவான். வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, "இன்னைக்கிப் பொழுதுக்கு ஸ்தோத்திரம் ஏசப்பா" என்பார். அவ்வளவுதான் ஜெபம். ஒருநாள் நான், "அவன் மனசு மாறணும்னு ஜெபிக்க மாட்டீங்களாம்மா?" என்று கேட்டேன். "மாறட்டும், நல்லதுதான். அதுவரைக்கும் கையில இருக்கறத வாங்கி வெச்சிடணும்ல?" என்றார். விசுவாசத்தைப் பற்றி நான் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். எனக்கு உபயோகப்பட்டது இதுதான்.

அவன் திருந்திவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். திருந்தவில்லை. கையால் அடித்தான், விறகால் அடித்தான். ஆனால் வெட்டவில்லை. அவள் உயிரோடு இருந்தாள். பிறகு இன்னொருத்தி தன் புருஷனின் அரிவாளைக் கொண்டுவந்து கொடுத்தாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி. ஈஸ்டர் வருவதற்குள் பின்சுவரில் வரிசையாக ஆணிகள். சாயங்காலம் வேலை விட்டு வரும் ஆண்கள் அங்கே நின்று அரிவாளை ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். முதலில் முறைத்தார்கள், பிறகு பழகிவிட்டது, கடைசியில் அங்கேயே நின்று அரட்டையும் அடித்தார்கள்.

ஒரு சாயங்காலம் ஆசீர்வாதத்தின் ஆணி மட்டும் காலியாக இருந்தது. உபதேசியாரம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு உலையை இறக்கிவைத்துவிட்டு நடந்தார். தெருவில் யாரும் எதுவும் கேட்கவில்லை, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருத்தி வந்து சேர்ந்துகொண்டாள். ஞானப்பூ வாய்க்காலில் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். கரையில் அவன், அரிவாளோடு, "ஏறி வாடி" என்று கத்திக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றாளோ, உதடு நீலம் பாரித்திருந்தது. நாங்கள் அவனைச் சுற்றி நின்றோம். உபதேசியாரம்மா கையை நீட்டி, "குடு" என்றார். கொடுத்துவிட்டான். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அவளைத் தண்ணீர் கொண்டுபோயிருக்கும், இல்லையென்றால் அவன் வெட்டியிருப்பான்.

சில வருஷத்தில் எனக்கு வேறு பள்ளிக்கு மாற்றல் வந்தது. அப்புறம் அங்கே நடந்ததெல்லாம் கேள்விப்பட்டதுதான். அறுப்புக்கு மெஷின் வந்தது, மரம் வெட்டவும் மெஷின் வந்தது. காவிரிக்கரை மூங்கில் போயிற்று. பையன்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். ஆணிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கடைசியாக ஆசீர்வாதத்துக்கும் வயதாகி வேலை விட்டான். "இனி எனக்கு எதுக்கும்மா, நீங்களே வெச்சுக்கங்க" என்று அவனே அரிவாளைக் கொடுத்துவிட்டானாம். கோயிலில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்களாம். எல்லா அரிவாளையும் பழைய இரும்புக்குப் போட்டு மைக் செட் வாங்கினார்கள். எனக்குப் போனில் இதைச் சொன்னபோது உபதேசியாரம்மா சிரித்தார், நானும் சிரித்தேன்.

போன மழைக்காலத்தில் மறுபடி அவரிடமிருந்து போன். ஞானப்பூ செத்துவிட்டாள். மகள் கல்யாணமாகி வெளியூரில் இருந்ததால் வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். ஆசீர்வாதம் வெறும் கையாலேயே கழுத்தை நெரித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறான். பால் ஊற்றுகிற பெண் தட்டிப் பார்த்து, ஆள் கூப்பிட்டுக் கதவை உடைக்கும்வரை யாருக்கும் தெரியவில்லை.

நான் போனேன். சவப்பெட்டியைக் கோயிலுக்குள் வைத்திருந்தார்கள். முந்தானைக்கு வெளியே அவள் இடது கை தெரிந்தது, அந்தத் தழும்போடு. புது மைக்கில் யாரோ அவளுடைய பொறுமையைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. பின்பக்கம் போனேன். அங்கே உபதேசியாரம்மா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். உபதேசியார் போய்ச் சேர்ந்தபின் மகன் வீட்டுத் தயவில் இருக்கிறார், காது மந்தம், கை மட்டும் அதே பெரிய கை. ஆணிகளைப் பிடுங்கிச் சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஊர்ல இத்தன பேரு இருக்கீங்க, ஒருத்தருகூடவா போய்ப் பாக்கல?" என்று அவரிடம் போய்க் கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. சுவரைத் தடவிப் பார்த்தார்.

"ஒரு ஆணி காலியா இருந்தா பயந்து ஓடுனோம் டீச்சர். எல்லா ஆணியும் காலியானப்பறம், எந்த வூட்டுக்குன்னு ஓடுறது?"